மாத்திரைக் கவரில் ஒரு சூரியன்

ஏரிக்கரை மக்களின் இருமலையும் இளைப்பையும் இதயத்தால் அறிந்தவரே! எழுத்தறியாக் கண்களுக்கும் எளிதில் புரியும்படி ஓவியம் எழுதித் தந்த ஏந்திழையே! கொண்டையில் மல்லிகைக்குப் பக்கத்தில் கட்டைப் பென்சிலையும் சூடிவந்த கோதையே! பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஜன்னலில் நின்று, முகம் பாராமல் ஒரு மாத்திரையும் கொடுத்தறியாத முதுநிலை மருந்தாளுநர், மாண்பமை திருமதி சாமுண்டீஸ்வரி அம்மையாரே! எங்கள் ஏரிக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்தார் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்!

இதுபோல் இன்னும் பதினாறு விளிகளை எங்கள் ஆய்வக நுட்புநர் பிராங்க்ளின் எழுதி வைத்திருந்தார். நிலையத்தில் நல்ல தமிழ் தெரிந்தவர் தாம் ஒருவரே என்று அவரே அறிவித்துக்கொண்டதால் மடல் எழுதும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தோம். நிலைய மருத்துவர் சரண்யா அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, "பிராங்க்ளின், நாலாவதுலேயே அவங்க எழுந்து போயிடுவாங்க"ன்னு சொல்லி மீதியை அடித்துவிட்டார். உண்மைதான். தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா! ஆகவே, அம்மையாரே, இந்த மடலின் பெரும்பகுதியைத் தங்களிடம் சொல்லப்போவதில்லை, சபையாரிடம் சொல்லப்போகிறோம். தாங்கள் இங்கே இல்லை என்று எண்ணிக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால் போதும்.

சபையோரே! சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல், சாமுண்டீஸ்வரி அம்மையார் தம் பொறுப்புகளைப் புதிய மருந்தாளுநர் ரமேஷிடம் ஒப்படைத்தார். ஸ்டோர் சாவி, அலமாரிச் சாவி, தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவி என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். கடைசியில் கொண்டையிலிருந்து அந்தக் கட்டைப் பென்சிலை உருவி, அதையும் சாவிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ரமேஷ் சிரித்துக்கொண்டே, "இது உங்களுது மேடம்"னு திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அம்மையார் வாங்கவில்லை.

"இனிமே எனக்கு எதுக்குப்பா? ஜன்னல்ல ஆளு நிக்கணும், கையில கவர் இருக்கணும், அப்பதான் நான் வரைவேன். ரெண்டும் இன்னியோட முடிஞ்சுது. வெச்சுக்கோ" என்றார்.

அந்தப் பென்சில் ஒரு வாரமாக எங்கள் மருத்துவரின் மேசை மேல் கிடக்கிறது. நாங்கள் இத்தனை பேரும் தூக்கம் கெட்டு இம்மடலை எழுதியதற்கு அதுவே காரணம். சால்வையும் மாலையும் எந்த விழாவிலும் உண்டு. இந்த விழாவுக்கு ஒரே ஒரு வேலைதான். அந்தப் பென்சில் மறுபடியும் அந்தக் கொண்டைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அது அங்கே முதலில் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். திருப்பாலைவனத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, எட்டரைக்கு ஜன்னலைத் திறப்பவர் அம்மையார். யாரிடமும் ஓவியம் கற்றவர் அல்லர். கூட்டம் ஓய்ந்த நேரத்தில், மருந்துப் பெட்டிகளைக் கிழித்து எடுத்த பழுப்பு அட்டைகளில், ஜன்னல் வழியே தெரிவதை வரைந்துகொண்டிருப்பார். ஆள் வந்து நின்றால் பென்சில் கொண்டைக்குப் போய்விடும். வெளியூர்க்காரர்கள் நம் ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறார்கள். இவர் வரைந்ததெல்லாம் பூநாரையையா? வரிசையில் நிற்பவரின் தேய்ந்த செருப்பை வரைந்தார். கைக்குழந்தையின் மூக்குச்சளியை வரைந்தார். சேற்றில் தவழ்ந்து கையால் இரால் தடவிப் பிடிக்கும் பெண்களின், முள் குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்களை வரைந்தார். பிடித்த இராலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு அவர்கள் தண்ணீரில் நகரும்போது கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கும் என்பதை, ஒரு நாள் மதியச் சாப்பாட்டையும் மறந்து, ஏழு அட்டைகளில் வரைந்து பார்த்தார். துப்புரவுப் பணியாளர் செவ்வந்தி அந்த ஏழையும் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினார். விஷயம் தெரிந்ததும் செவ்வந்திதான் அழுதார். அம்மையார், "கழுத்து சரியா வரல, விடு" என்று சொல்லிவிட்டு எட்டாவது அட்டையைக் கிழித்தார்.

கவருக்கு வருவோம். மாத்திரைக் கவர் என்றால் எந்த ஊரிலும் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். அதில் ஒரு டிக். நம் ஏரியில் அந்த மூன்று கட்டமும் செல்லாது. ஏரிக்குப் போகிறவருக்கு நம் இரவுதான் பகல். நம் காலைதான் அவர் கட்டையைச் சாய்க்கும் நேரம். "ராத்திரி சோத்துக்கு அப்பறம்"னு சொன்னால், "எந்த ராத்திரி சோறு? போறதுக்கு மின்ன துன்றதா, வந்து துன்றதா?" என்று நியாயமாகத்தான் கேட்பார்கள். பதில் சொல்லி அலுத்த அம்மையார் ஒரு நாள் பென்சிலை எடுத்து, கட்டத்துக்கு மேலேயே கரையில் உலரும் வலையை வரைந்து கொடுத்தார். "வலய ஒணத்திட்டு ஒண்ணு." அவ்வளவுதான்! அந்த மாதம் அந்த மாத்திரை தவறவே இல்லை. அடுத்த மாதம் வரிசையில் நின்ற அத்தனை பேரும் படம் கேட்டார்கள்.

அன்றுமுதல் ஆளுக்கொரு கவர், ஆளுக்கொரு படம்! ஐஸ் உடைக்கிறவருக்கு ஐஸ் வண்டி. சந்தைக்குப் போகிறவருக்குத் தலைக்கூடை. பள்ளிக்கூட ஆயாவுக்கு மணி. வீட்டோடு கிடக்கும் மூதாட்டிக்கு, அவர் வாசலில் வந்து படுக்கும் அந்தக் காது கிழிந்த நாய்! நாய் வந்து படுத்தால் மாத்திரை நேரம் என்று அர்த்தம். மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தபோது அந்தக் கவரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இது நாய்க்கு மருந்தாம்மா?" என்று கேட்டார். அம்மையார் விளக்கிச் சொன்னதும் அவர் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிக்கொண்டார்.

இனி, சபையோரே, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறோம். பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு இவரைப் பாராட்டினால் அது இவருக்குப் பொருந்தாது. இதை முதலில் வெளியில் சொன்னவரே இவர்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அக்கரைக் குப்பத்தைச் சேர்ந்த தேவேந்திரன் அவர்களுக்குச் சர்க்கரை நோய்க்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதப்பட்டது. அக்கரைக் குப்பம் என்பது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டில் உள்ள ஊர். தேவேந்திரன் மாலையில் ஏரிக்குப் போய் வலை கட்டி விடியலில் திரும்புகிறவர். வந்ததும் ஒரு முழு வயிற்றுக் கஞ்சி, பிறகுதான் தூக்கம். அந்தக் காலைக் கஞ்சிக்கு முன் அந்த மாத்திரையைப் போட வேண்டும். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அந்த மாதம் அக்கரைக்கு மருந்துகள் மொத்தமாகப் படகில் போயின. தேவேந்திரனோ அவர் மனைவி கஸ்தூரியோ ஜன்னலுக்கு வரவில்லை. வாயால் சொல்ல ஆளில்லை. கவர்தான் சொல்ல வேண்டும். அம்மையார் அதில் ஏரித் தண்ணீரையும், அதில் நட்ட நான்கு வலைக்கழிகளையும், தண்ணீர் விளிம்பில் பாதி தெரியும் சூரியனையும் வரைந்தார். காலை என்று பொருள். நம் நிலையத்து வாசலில் நின்று பாருங்கள். ஏரி கிழக்கே இருக்கிறது. சூரியன் ஏரியிலிருந்துதான் எழுகிறது.

அக்கரையில் ஏரி மேற்கே இருக்கிறது.

கஸ்தூரி கவரை வாங்கிப் பார்த்தார். ஏரியில் பாதிச் சூரியன்! சாயங்காலம் என்று சந்தேகமே இல்லாமல் படித்தார். புருஷன் படகுக்குக் கிளம்பும் நேரத்தில், வெறும் வயிற்றில், மறக்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் விடியலில் பக்கத்துப் படகுக்காரர்கள் தேவேந்திரனை, உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து, பேச்சு குழறிய நிலையில் நம் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். குளுக்கோஸ் ஏறியது. ஒரு மணி நேரத்தில் கண் விழித்து, "வலய யாரு இழுத்தா?"ன்னு கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எட்டரைக்கு வந்து ஜன்னலைத் திறந்த அம்மையார், தேவேந்திரனின் மடியிலிருந்த கவரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பகலிலேயே, யாரும் கேட்காமல், நடந்ததை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தார். "தவறு என்னுடையது" என்பது முதல் வரி. மருத்துவர் எவ்வளவோ சமாதானம் சொன்னார். "ஒரு கோட்டால ஒரு ஆளைக் கொன்னிருப்பேன் மேடம்" என்று மட்டும் சொன்னார் அம்மையார். அதற்குப் பிறகு மூன்று மாதம் கவர்களில் படம் இல்லை. 'காலை' என்றும் 'மாலை' என்றும் பெரிய எழுத்தில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு தடவை வாயால் சொன்னார். மூன்றாம் தடவை அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னார். ஜன்னலுக்கு முன் வரிசை நீண்டது. பென்சில் கொண்டையில் இல்லை. எங்களில் யாருக்கும் அதைப் பற்றிப் பேசத் துணிவு வரவில்லை.

துணிந்தவர் கஸ்தூரி. சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். நேரே ஜன்னலுக்கு வந்து, எழுத்து எழுதிய கவரை உள்ளே தள்ளினார்.

"இன்னாக்கா இது? படம் எங்க?"

"படம் வேணாம் கஸ்தூரி. படத்தாலதான உன் வீட்டுக்காரரு..."

"அவுரு கெடக்காரு. நீ போட்டது சூரியன்தான? எங்கூர்லயும் அதே சூரியன்தான். நீ இங்க நின்னு பாத்துட்டு அங்க இருக்குறவனுக்குப் போட்டுட்ட. எங்க கரைல ஏரிக்குள்ள எறங்கும்கா, கடல்லதான் ஏறும். இத்தினி வருசமா மருந்து குடுக்கற, ஒரு நாளாச்சும் எங்க பக்கம் வந்து நின்னு பாத்தியா?"

அம்மையார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தேவேந்திரனின் படகிலேயே ஏறி அக்கரைக்குப் போனார். வழியெல்லாம் அம்மையார் தம் முகத்தைப் பாராமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனதாகத் தேவேந்திரன் சொல்கிறார். "பயந்துட்டாங்கனு மெதுவா ஓட்னேன்" என்றார். அன்று மாலை அம்மையார் மணலில் நின்று, தம் வாழ்நாளில் முதல்முறையாக, நம் ஏரிக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்தார். கஸ்தூரி வீட்டிலேயே தங்கி, மறுநாள் அதே சூரியன் கடலிலிருந்து ஏறுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே இருந்தாராம். அழுது முடித்ததும் கஞ்சி கொடுத்தாராம்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டுகள், ஞாயிறுதோறும் ஒரு ஊர்! நம் நிலையத்தை நம்பி வாழும் பதினொரு ஊர்களுக்கும் போனார். எந்த ஊரில் எது கிழக்கு, எந்த வாசலில் எப்போது வெயில் விழும், யார் வீட்டில் எப்போது உலை கொதிக்கும் என்று பார்த்து ஒரு நோட்டு முழுக்கக் குறித்தார். அந்த நோட்டுதான் இன்று ரமேஷ் கையில் இருக்கிறது. கவர்களில் படம் திரும்பி வந்தது. சூரியன் மட்டும் வரவே இல்லை. தேவேந்திரனின் கவரில், கஸ்தூரி அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் கஞ்சிப்பானைதான் வந்தது. பானை எந்தக் கரையிலும் பானைதானே!

ஆனால் சபையோரே, எங்களுக்குக் கண்ணிருந்தும் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். பழுப்பு அட்டைகள் திரும்பி வரவில்லை. கவரில் வரைந்தவர் அட்டையில் வரையவில்லை. செருப்பில்லை, மூக்குச்சளியில்லை, கழுத்து நரம்பில்லை. யாருக்கு என்று தெரியாமல் இனி ஒரு கோடும் போடுவதில்லை என்று தமக்குள் முடிவு செய்துகொண்டார் போலும். ஆசைக்கு வரைவதைத் தமக்குத் தாமே தண்டனையாக நிறுத்திக்கொண்டு, கடமைக்கு வரைவதை மட்டும் வைத்துக்கொண்டார். கடமை சென்ற வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அதனால்தான் பென்சில் சாவித் தட்டுக்குப் போனது. இது புரிய எங்களுக்கு நான்கு ஆண்டுகளும் ஒரு வெள்ளிக்கிழமையும் தேவைப்பட்டன. வெட்கமாக இருக்கிறது.

சென்ற செவ்வாயன்று, இந்த விழாவுக்கு அழைக்க, பிராங்க்ளினும் செவ்வந்தியும் அக்கரைக்குப் போனார்கள். கஸ்தூரி வீட்டில், சாமி படங்கள் மாட்டியிருந்த சுவரில், முருகனுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சிறு சட்டம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு மாத்திரைக் கவர். தண்ணீர், நான்கு கழி, பாதிச் சூரியன். அன்றே கிழித்துப் போடச் சொல்லி அம்மையார் கெஞ்சிய அதே கவர்!

"இத்த கிழிக்கலயா நீங்க? இதாலதான உங்க வீட்டுக்காரரு உசுருக்கே..."ன்னு செவ்வந்தி பதறினார்.

கஸ்தூரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மருந்துக்குத்தான்மா அது தப்பு. படத்துக்கு இன்னா தப்பு? எங்க கரை சாயங்காலம் அச்சு அசலா அப்படித்தான் இருக்கும். அந்தக் கழிங்க கூட எங்க நைனா நட்ட எடத்துலயே நிக்குது. எங்கூர நாங்க யாராச்சும் படமா பாத்துருக்கமா? அவங்க பாக்காமலே போட்டாங்க, அதான் அதிசயம். பாத்துட்டுப் போட்டா எப்டி இருக்கும்னு நாலு வருசமா கேட்டுகினு இருக்கேன், 'பானை போதும் கஸ்தூரி'ன்றாங்க."

விழாவில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம், ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று பிராங்க்ளின் கேட்டார். கஸ்தூரி கொடுக்கவில்லை. "அவங்களே வந்து பாக்கட்டும். வரும்போது பென்சில எடுத்துக்கினு வரச் சொல்லு" என்றார்.

அம்மையாரே! சபையாரிடம் பேசி முடித்தோம். இப்போது தங்களிடம் பேசுகிறோம்.

முப்பத்தோராண்டு அரசுப் பணியில் தாங்கள் கொடுத்த மாத்திரைகளை எண்ண எங்களால் ஆகாது. தாங்கள் தணித்த காய்ச்சல்களும், தேற்றிய தாய்மார்களும், திட்டித் திருத்திய பீடிக்காரர்களும் வாசல் முழுக்க நிற்கிறார்கள், திரும்பிப் பாருங்கள். பிழை நேர்ந்தபோது அதை மறைக்காமல் முதல் வரியில் எழுதிய தங்கள் நேர்மையை, எங்களில் இளையவர்கள் கண்ணால் கண்டார்கள். அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த நன்றியை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறோம். தங்களை நாங்கள் மிகவும் நேசிக்கிறோம்.

ஓய்வு பெறுகிறவரை வாழ்வின் அந்திப்பொழுதை எய்தியவர் என்று வாழ்த்துவது மடல்களின் மரபு. தங்களிடம் அப்படிச் சொல்லத் துணிவில்லை. எந்தக் கரையிலிருந்து பார்த்து என்று கேட்பீர்கள். ஆகவே வெறுமனே வாழ்த்துகிறோம். கண்ணொளி குன்றாமல், கை நடுங்காமல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எட்டிப் பாராமல், பேரக் குழந்தைகள் சூழ, நூறாண்டு தாண்டியும் நலமுடன் வாழ்க! வீடு நிறைய, சுவர் நிறைய, யாருக்கென்றும் தெரியாத, எதற்கென்றும் தெரியாத படங்களால் நிறைந்து வாழ்க!

இம்மடலோடு தட்டில் வைத்திருப்பது தங்கள் பென்சில். நிலையத்தின் சாமான் பட்டியலில் அது இல்லை என்று ரமேஷ் தேடிப் பார்த்துச் சான்று அளித்துவிட்டார். ஆகவே அதை ஏற்றுக்கொள்ள நிலையத்துக்கு அதிகாரமில்லை. பிராங்க்ளின் புது பிளேடால் சீவியிருக்கிறார். பக்கத்தில் உள்ளவை மருந்துப் பெட்டியின் பழுப்பு அட்டைகள். செவ்வந்தி ஒரு வாரமாகச் சேர்த்துக் கிழித்து அடுக்கியவை. மொத்தம் ஏழு. அன்று பெருக்கித் தள்ளியதற்கு ஈடாம்.

இப்போது மணி நாலே கால். தேவேந்திரன் மாத்திரையையும் கஞ்சியையும் காலையிலேயே முடித்துவிட்டு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று அவர் வலைக்குப் போகவில்லை. படகு துறையில் நிற்கிறது. இப்போது கிளம்பினால், அக்கரையில் ஏரிக்குள் சூரியன் இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மாலையைக் கழற்றி இங்கேயே வைத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு கிளம்புங்கள், அம்மா.

தங்கள் ஜன்னலில் இனி வேறொரு முகத்தைப் பார்த்துப் பழகப்போகும்,

மருத்துவர் சரண்யா, பிராங்க்ளின், ரமேஷ், செவ்வந்தி
மற்றும் ஏரிக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்து அனைவரும்.

(அக்கரைக் குப்பம் கஸ்தூரி தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கையெழுத்துக்குப் பதிலாக அவரே கரித்துண்டால் ஒரு கஞ்சிப்பானை வரைந்திருக்கிறார். பானை சற்றே கோணல், மன்னிக்கவும்.)